மழை நுழையாத பாத்திகள்

சென்னையிலிருந்து திண்டிவனம் நோக்கி ஜி.எஸ்.டி. சாலையில் வரும் பேருந்து அச்சிறுபாக்கத்தைக் கடக்கும்போது, பயணிகளுள் சிலர் குன்றின் பக்கம் திரும்பிச் சிலுவை அடையாளம் வரைந்துகொள்வர். அக்குன்றின்மேல் மழைமலை மாதா திருத்தலம் இருக்கிறது. வானம் பொய்த்த காலத்தில் மழை வேண்டி மன்றாடிய மக்களின் நம்பிக்கை அப்பெயரிலேயே பொதிந்துள்ளது. அங்கிருந்து சிறிது தொலைவு தெற்கே வந்தால் நம் ஒலக்கூர். ஏரியையும் கிணற்றையும் நம்பி நெல்லும் மணிலாவும் கரும்பும் தர்பூசணியும் பயிரிடும் மக்கள் வாழும் பகுதி. மாதாவிடம் மழை கேட்டே வளர்ந்த நாம், 2021ஆம் ஆண்டில் மழை உள்ளே வராதபடி ஒரு கூடாரம் கட்டிக்கொண்டோம். அக்கூடாரம் நம் மனத்தில் எழுப்பிய ஒரு கேள்வி இன்னும் ஓயவில்லை. அதை வாசகரோடு பகிர்ந்துகொள்ளவே இதை எழுதுகிறோம்.

கூடாரம் என்றதும் பெரிதாக எண்ணிவிட வேண்டாம். 40 அடி நீளம், 18 அடி அகலம். வில்லாக வளைத்த இரும்புக் குழாய்கள்; அவற்றின்மேல் 200 மைக்ரான் தடிப்புள்ள பாலித்தீன் தாள்; இரு பக்கங்களிலும் பூச்சித் தடுப்பு வலையும், வேண்டும்போது இறக்கிவிடும் திரையும். உள்ளே மூன்றடி அகலத்தில் நான்கு மேட்டுப்பாத்திகள். ஓசூரிலும் நீலகிரியிலும் ரோசாவுக்கும் குடைமிளகாய்க்கும் எழும்பி நிற்கும் பசுமைக்குடில்களோடு இதை ஒப்பிட இயலாது. தேசியத் தோட்டக்கலை இயக்கம் 2005-06இல் தொடங்கிய பின்னர், செலவில் பாதி மானியமாகக் கிடைத்ததால் அத்தகைய குடில்கள் பெருகின. மலைப்பகுதியில் குடில் குளிரைத் தடுக்கிறது. நம் சமவெளியிலோ தடுக்க வேண்டிய குளிர் ஏது? சித்திரை வெயிலில் பாலித்தீன் கூரையின்கீழ் பயிரும் நில்லாது, மனிதரும் நில்லார். இங்கே அதனால் விளையும் பயன் பெரும்பாலும் ஒன்றே: ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் கொத்தமல்லியும் கீரையும் தக்காளியும் அழுகாமல் காத்துக்கொள்வது.

முதற்பாடத்தை எருவே நமக்குக் கற்பித்தது. காய்கறிப் பயிருக்கு ஏக்கருக்கு 10 டன் மக்கிய தொழுவுரம் என்பது வேளாண்மைத் துறையினர் கூறும் கணக்கு. அதில் ‘மக்கிய’ என்னும் சொல்லின் எடையை நாம் உணரவில்லை. பாதி மக்கிய சாணத்தையும் இரண்டு மூட்டை கோழி எருவையும் பாத்திகளில் கலந்து, நாற்றுகளை நட்டு, இரவில் தூறல் விழுந்ததால் பக்கத் திரைகளையும் இறக்கிவிட்டோம். மறுநாள் காலை உள்ளே நுழைந்தபோது கண்ணில் நீர் வழிந்தது, மூக்கு எரிந்தது. நாற்றுகளின் இலையோரங்கள் தீய்ந்து கிடந்தன. மக்காத எருவிலிருந்து எழும் அம்மோனியா, திறந்த வயலாயின் காற்றோடு போயிருக்கும். மூடிய கூடாரத்தில் அதற்குப் போக்கிடம் இல்லை. பாத்தி கொத்த வந்த மூதாட்டி வாசலிலேயே நின்று, “பச்சைச் சாணியைப் போட்டு மூடி வச்சா வேகாம என்ன பண்ணும் தம்பி?” என்றார். அவர் எந்தக் குடிலிலும் அதற்கு முன் கால் வைத்தவரல்லர்.

எரு மக்கும்போது குவியலின் நடுவே வெப்பம் 60 பாகை செல்சியசையும் தாண்டும். அந்த வெப்பத்தில் களை விதைகள் சாகின்றன. நோய்க் கிருமிகளும் பெருமளவு மடிகின்றன. பிறகு குவியல் ஆறுகிறது; புரட்டி விட்டால் மீண்டும் சூடேறி மீண்டும் ஆறுகிறது. நம் வீட்டுக் குப்பைக்குழியில் இதற்கு ஏறத்தாழ நான்கு மாதம் ஆயிற்று. குளிர்நாடுகளிலோ இந்த வெப்பத்தையே வேலைக்கு வைத்துக்கொண்டனர். கண்ணாடிப் பெட்டிக்கு அடியில் புதிய குதிரைச் சாணத்தைப் பரப்பி, அதன்மேல் மண்ணிட்டு, பனிக்காலத்திலேயே கீரையும் முள்ளங்கியும் எடுத்தனர் ஐரோப்பியத் தோட்டக்காரர். ஒரு நாட்டில் பயிரை எழுப்புவதே வேறொரு நாட்டில் அதை எரிக்கிறது.

இந்தக் கலை மிகப் பழையது. உரோமைப் பேரரசன் திபேரியு நாள்தோறும் வெள்ளரிக்காய் உண்ண விரும்பினான் என்றும், அவனுடைய தோட்டக்காரர் சக்கரம் பூட்டிய பாத்திகளை வெயிலில் தள்ளி வைத்து, குளிர் நாளில் ஒளி புகும் மெல்லிய கல் பதித்த மறைவுக்குள் இழுத்துக்கொண்டனர் என்றும் பிளினி எழுதிவைத்துள்ளார். எருவிட்ட மண் நிறைத்த கூடைகளில் வெள்ளரி வளர்க்கும் முறையைக் கொலுமெல்லா விளக்குகிறார். திபேரியு கி.பி. 14 முதல் 37 வரை ஆண்டவன். லூக்கா நற்செய்தியின் மூன்றாம் அதிகாரம் பெயர் சொல்லிக் குறிப்பிடும் அதே சீசர். ஆண்டவர் இயேசு கலிலேயாவில் விதைப்பவரையும் அத்திமரத்தையும் பற்றிப் பேசிய அந்நாள்களில், ஒரு மனிதனின் உணவுமேசைக்காகத் தோட்டமே சக்கரத்தில் உருண்டுகொண்டிருந்தது. மறைவுக்குள் பயிர் வளர்த்தல் செல்வர் விளையாட்டாகவே நெடுங்காலம் இருந்தது. 1933இல் இங்கிலாந்தில் ஐ.சி.ஐ. நிறுவனத்தின் ஆய்வகத்தில், வேறெதையோ தேடிய வேதியியலாளர் கையில் பாலித்தீன் தற்செயலாக வந்து சேர்ந்தது. 1948இல் அமெரிக்காவின் கென்டக்கிப் பல்கலைக்கழகத்தில் எம்மர்ட் என்னும் பேராசிரியர், விலை மிகுந்த கண்ணாடிக்கு மாற்றாக மெல்லிய தாளைச் சட்டங்களில் பொருத்தித் தாள்குடிலுக்கு வழிகாட்டினார். அதன் பின்னரே சீசருக்குக் கிடைத்த வசதி நம் போன்றோர்க்கும் எட்டிற்று.

இப்பொருளை வைத்து எளிதாக ஒரு மறையுரை தயாரித்துவிடலாம். கூடாரத்துள் வளர்ந்த செடி காற்றுக்குத் தாங்காது. பொத்திப் பொத்தி வளர்த்த பிள்ளையும் அவ்வாறே என்று சொல்லி முடிக்கலாம். பிள்ளைகளைப் பற்றி அது உண்மையாகவும் இருக்கலாம். ஆயினும் நம்மை உறுத்தியது வேறு.

2021 நவம்பரில் வடதமிழ்நாட்டில் பெய்த மழையைப் பலரும் மறந்திருக்க மாட்டார்கள். நாள் கணக்கில் வானம் வெளுக்கவில்லை. சென்னையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டி விற்றது. நம் கூடாரத்தை அடுத்து, ஏரிக்கரை ஓரமாகத் தாழ்ந்த வயலில் கத்தரியும் தக்காளியும் கொத்தமல்லியும் வைத்திருந்தார் அண்டைக் காணிக்காரர் ஒருவர். நாம் அண்ணன் என்று அழைப்பவர். அவருடைய கொத்தமல்லி நான்காம் நாள் வழுவழுத்துப் போயிற்று. தக்காளி செடியிலேயே வெடித்தது. நம் கூடாரத்துள் கொத்தமல்லி முழங்காலளவு எழுந்து, மணம் வீசி நின்றது. ஒரு வாரத்தில் நமக்குக் கிடைத்த தொகை, முந்தைய மூன்று மாதத்தில் கிடைத்ததைவிட மிகுதி.

அந்த ஞாயிற்றுக்கிழமைத் திருப்பலியில், மழை நின்று மக்கள் துயர் தீர வேண்டுமென்று விசுவாசிகளின் மன்றாட்டு சொல்லப்பட்டது. நாமும் வாய்விட்டு மறுமொழி கூறினோம். கூறிக்கொண்டிருந்தபோதே, இன்னும் இரண்டு நாள் பெய்தால் இரண்டாம் அறுப்புக்கும் இதே விலை கிடைக்கும் என்று உள்ளே ஒரு கணக்கு ஓடிற்று. அதை மறைத்துப் பயனில்லை. நம்முடைய உதடும் உள்ளமும் ஆலயத்தின் ஒரே விசிப்பலகையில் அமர்ந்து எதிரெதிராக வேண்டிக்கொண்டன.

அன்று மாலை அண்ணன் வந்தார். வீட்டுக்கு மல்லித்தழை ஒரு கட்டு வேண்டும் என்றார். மல்லி விளைவித்தவர் மல்லி வாங்க வந்து நின்றார். விலை சொல்ல நமக்கு நா எழவில்லை. “எடுத்துட்டுப் போங்கண்ணே” என்றோம். “ஊருக்கு என்ன விலையோ, அதே விலை எனக்கும் போடு தம்பி” என்று பணத்தைத் தராசுத் தட்டின்மேல் வைத்துவிட்டு அவர் நடந்துவிட்டார். அவர் வைத்த பணத்தில் நம் உழைப்புக்குரியது எவ்வளவு? அவர் வயல் அழுகியதற்குரியது எவ்வளவு?

நாம் மழையை வருவிக்கவில்லை. அவருடைய பயிரை அழிக்கவில்லை. கடன் பட்டுக் கூடாரம் கட்டினோம். இடர் வரும் என்று முன்கூட்டியே எண்ணினோம். அதற்குரிய பயன் வந்தது. இதில் குற்றம் எங்கே என்று கேட்பார் உண்டு. அக்கேள்வியைத் தள்ளிவிட இயலாது. முன்னெச்சரிக்கை ஒரு நற்பண்பு என்றே திருச்சபை கற்பிக்கிறது. தொடக்க நூலில் யோசேப்பு, வளமான ஏழு ஆண்டுகளில் தானியம் சேர்த்து, பஞ்சத்தில் எகிப்தைக் காப்பாற்றினார் என்று நாம் சிறு வயதிலிருந்தே மறைக்கல்வியில் கேட்டு வருகிறோம். ஆனால் அந்நூலின் 47ஆம் அதிகாரத்தை மறைக்கல்வியில் விரித்துச் சொல்வது குறைவு. பசித்து வந்த மக்களிடம் யோசேப்பு முதலில் பணத்தை வாங்கினார். பணம் தீர்ந்தபின் ஆடு மாடுகளை வாங்கினார். அவையும் தீர்ந்தபின் நிலத்தையும், அவர்களையே அடிமைகளாகவும் பார்வோனுக்காக வாங்கினார். மக்கள் உயிர் பிழைத்தனர். நிலம் அவர்களுடையதாக இல்லை. களஞ்சியத்தைக் கட்டிய அதே அறிவே அதையும் செய்தது.

புனித தாமஸ் அக்குவினாஸ் தம் இறையியல் தொகுப்பில், இரண்டாம் பகுதியின் இரண்டாம் பிரிவில், 77ஆம் வினாவில் வாணிகத்தை ஆராய்கிறார். ஒரு பொருளை இழப்பதால் விற்பவனுக்கு இழப்பு நேருமானால், அந்த இழப்பையும் விலையில் சேர்த்துக்கொள்ளலாம் என்கிறார். ஆனால் வாங்குபவனுக்கு அது மிகவும் தேவைப்படுகிறது என்பதற்காகவே விலையை ஏற்றுதல் முறையன்று. ஏனெனில் அத்தேவை வாங்குபவனுடைய நிலைமையிலிருந்து பிறந்தது, விற்பவனுக்குரியதன்று. தனக்குரியதல்லாததை எவனும் விற்றலாகாது. எழுநூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட இக்கருத்து நம் தராசுத் தட்டில் கிடந்த பணத்தை நேராகச் சுட்டுவதுபோல் இருந்தது. நாற்று, எரு, கூலி, ஆண்டுதோறும் தேயும் தாளின் விலை, நம் நாள்கள் ஆகியவை நம்முடையவை, அவற்றை விற்கலாம். அண்ணன் வயல் மூழ்கியது நம்முடையதன்று.

அப்படியானால் பழைய விலைக்கே கொடுத்துவிட வேண்டியதுதானே? கொடுத்துப் பார்த்தோம். திண்டிவனத்தில் மொத்த வியாபாரி ஒருவரிடம் குறைந்த விலைக்குப் போட்டோம்; அவர் அதைச் சந்தையின் அன்றைய விலைக்கே விற்றார். நாம் விட்டுக்கொடுத்தது ஏழையின் குழம்புச் சட்டியைச் சென்றடையவில்லை. அக்குவினாஸ் எண்ணிப் பார்த்த விற்பவனும் வாங்குபவனும் முகத்துக்கு முகம் நிற்கிறார்கள். நம் மல்லிக்கட்டோ நான்கு கை மாறிப் போகிறது. ஊருக்குள் முகமறிந்து வாங்குவோர்க்குப் பழைய விலை, மண்டிக்கு மண்டி விலை என்று ஒருவாறு முடிவு செய்தோம். இம்முடிவில் நமக்கு முழு நிறைவு உண்டு என்று சொல்ல மாட்டோம்.

மண்டியில் வந்த மிகுதிப் பணம் கையில் இருந்தது. அதை யாரிடம் கொடுத்தாலும் வாங்க மாட்டார்கள். ஒரு கட்டு மல்லியையே வாங்காதவர்கள். இங்கே வழி காட்டியவர் எருவைப் பற்றிச் சொன்ன அதே மூதாட்டி. மழை விட்டதும் எல்லார்க்கும் நாற்று வேண்டும், நாற்றங்கால் போட மேடு எங்கே இருக்கிறது என்று தம்பாட்டில் சொல்லிக்கொண்டிருந்தார். நான்கு பாத்திகளுள் ஒன்றைக் காலி செய்தோம். 98 குழிகள் கொண்ட தட்டுகளில் தென்னைநார்க் கழிவை நிரப்பித் தக்காளி, கத்தரி, மிளகாய் விதைத்தோம். தக்காளி 25 நாளில் நடவுக்கு வந்தது. நாற்று கேட்டு வாங்குவதும் கொடுப்பதும் கிராமத்தில் பழைய வழக்கம். அதில் ஈவது மேல், இரப்பது கீழ் என்னும் எண்ணம் எழுவதில்லை. அண்ணன் ஆறு தட்டு எடுத்துப் போனார். பணத்தைப் பற்றிப் பேச்சே எழவில்லை. அதன்பின் ஒவ்வோர் ஆண்டும் அந்தப் பாத்தி நாற்றுக்கே என்றாயிற்று.

கூடாரத்தின் நிழலில் மற்றொரு கேள்வியும் ஒளிந்திருந்தது. அது பயிரைக் காக்கிறது; உள்ளே குனிந்து களையெடுப்பவரைக் காப்பதில்லை. பங்குனி முற்பகலிலேயே உள்ளே வெக்கை தாங்கவில்லை. வெளியே வந்து தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார் ஒரு பெண். காலை 9 மணிக்கு மேல் உள்ளே வேலையில்லை, கூலி முழுக்கூலி என்று அன்றே மாற்றினோம். முன்பே மாற்றியிருக்க வேண்டும். ஸ்பெயின் நாட்டின் அல்மேரியாவில் 1960களிலிருந்து பெருகிய பாலித்தீன் குடில்கள் இன்று ஏறத்தாழ 30,000 ஹெக்டேரை மூடியுள்ளன. வறண்ட அந்நிலத்தில் களிமண்ணின்மேல் எருவைப் பரப்பி, எருவின்மேல் மணலிட்டுப் பாத்தி அமைக்கின்றனர்; ஐரோப்பாவின் குளிர்காலத் தக்காளியும் வெள்ளரியும் அங்கிருந்து செல்கின்றன. அக்குடில்களில் பாடுபடுவோருள் பெரும்பகுதியினர் மொரோக்கோவிலிருந்தும் பிற ஆப்பிரிக்க நாடுகளிலிருந்தும் வந்தவர்கள். அவர்களுள் பலர் குடிலிலிருந்து கழித்த தாளையும் பலகையையும் கொண்டு கட்டிய குடிசைகளில் வாழ்கின்றனர். 2000 பிப்ரவரியில் எல் எகீதோ நகரில் அவர்களுக்கெதிராகவே கலவரம் மூண்டது. வெள்ளரிக்குக் கிடைத்த கூரை அதைப் பறிப்பவர்க்குக் கிடைக்கவில்லை.

மூன்றாம் ஆண்டில் பாத்திகளில் வெண்பூச்சு படர்ந்தது. நம் கிணற்று நீர் சிறிது உவர். எருவிலும் உப்பு உண்டு. திறந்த வயலில் ஐப்பசி மழை அதைக் கழுவிக் கீழே இறக்கிவிடும். அந்த வேலையை மழை செய்து வந்தது என்பதே, மழையைத் தடுத்தபின்தான் நமக்குத் தெரிந்தது. வலை கட்டியதால் தேனீயும் வரவில்லை. தக்காளிப் பூங்கொத்துகளை விரலால் தட்டிவிட வேண்டியிருந்தது. வேரில் முடிச்சுப்புழு கண்டது. நன்னீரைத் தேக்கி உப்பைக் கழுவ வேண்டும் என்றனர். அவ்வளவு நன்னீருக்கு எங்கே போவது? வேப்பம் புண்ணாக்கு இட்டோம். டிரைக்கோடெர்மா கலந்த எருவிட்டோம். விளைச்சல் குறைந்துகொண்டே வந்தது. இலவசமாக வந்தவற்றை வாசலில் நிறுத்திவிட்டு, அவற்றின் வேலைகளை ஒவ்வொன்றாக நாமே கூலி கொடுத்துச் செய்துகொண்டிருந்தோம்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 செ.மீ. மழை. விடிந்தபோது கூடாரத்தின் தாள் கிழிந்து வேலியில் தொங்கியது. வளைகுழாய்கள் மட்டும் விலா எலும்புபோல் நின்றன. வந்து பார்த்தவருள் ஒருவர், பிறர் அழுகப் பிழைத்தவனுக்கு ஆண்டவன் கொடுத்தது இது என்று சாடையாகச் சொல்லிப் போனார். நாமும் ஓர் இரவு அவ்வாறே எண்ணிப் புரண்டோம். ஆனால் அண்ணன் வயலும் அன்று மூழ்கியது. அவர் எவரையும் வைத்துப் பிழைத்தவரல்லர்.

லூக்கா நற்செய்தியின் 13ஆம் அதிகாரத்தை அப்போது எடுத்துப் படித்தோம். சீலோவாமில் கோபுரம் விழுந்து பதினெண்மர் மாண்டதைச் சுட்டிக்காட்டி, அவர்கள் எருசலேமில் வாழ்ந்த மற்றவரைவிடக் குற்றவாளிகளோ என்று ஆண்டவர் கேட்கிறார். இல்லை என்று தாமே சொல்கிறார். ஆயினும் மனம் மாறுங்கள் என்று நின்று கேட்போரை எச்சரிக்கிறார். விழுந்ததை வைத்து விழுந்தவனை அளக்க அவர் இடம் கொடுக்கவில்லை. நின்றுகொண்டிருப்பவனையும் அவர் சும்மா விடவில்லை. பலமுறை படித்த அதிகாரம்தான். ஆனால் அக்கோபுரத்தின் பேச்சுக்கு அடுத்த வரியிலேயே அத்திமர உவமை தொடங்குகிறது என்பதை நாம் கருதியதில்லை. மூன்றாண்டாகக் கனியில்லை, வெட்டிவிடு என்கிறார் உரிமையாளர். இந்த ஆண்டும் விட்டுவையுங்கள், சுற்றிலும் கொத்தி எருவிடுகிறேன் என்கிறார் தோட்டக்காரர். சீசரின் தோட்டத்தில் சக்கரம் இருந்தது. இவரிடம் இருந்தவை ஒரு மண்வெட்டி, சிறிது எரு, இன்னும் ஓராண்டு. மரம் கனி தந்ததா என்று நற்செய்தி கூறவில்லை.

மழையின் பின் பாத்திகளைக் கொத்திப் பார்த்தோம். மேட்டுப்பாத்திகளாகையால் மண் பெருமளவு தங்கியிருந்தது. வெண்பூச்சு முற்றிலும் போயிருந்தது. குப்பைக்குழியில் ஆவணியிலேயே மூடி வைத்திருந்த எரு, கீற்றின்கீழ் நனையாமல் உதிர்ந்து கிடந்தது. மார்கழியில் அதை இட்டுத் தண்டுக்கீரை தெளித்தோம். இவ்வளவு செழிப்பான கீரையை மூடிய கூடாரத்துள் நாம் கண்டதில்லை. புதுத்தாள் வாங்குவதா என்று இல்லத்தில் இன்னும் பேச்சு நடக்கிறது. வாங்க வேண்டும் என்பார்க்கு அடுத்த ஐப்பசி கண்முன் நிற்கிறது. அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. நாற்றுக்கான ஒரு பாத்தியின்மேல் மட்டுமேனும் தாள் போட வேண்டும் என்று நாம் கூறி வருகிறோம்.

இதற்கிடையில் அண்ணன் ஒருநாள் வந்து, வெறுமனே நிற்கும் குழாய்களைத் தட்டிப் பார்த்தார். “நல்ல பந்தலாச்சே தம்பி, சும்மாவா விட்டு வச்சிருக்க?” என்றார். மாலையில் அவரே பாகல் விதையும் பீர்க்கன் விதையும் கொண்டுவந்து காலடியில் ஊன்றிவிட்டுப் போனார். கொடிகள் இப்போது பாதிக் குழாய்வரை ஏறியிருக்கின்றன.